மாத்திரைய ரோபோ திணிச்சா மட்டும் ஏன் கோவம் வருது?

பின்லாந்து நாட்டு ஹெல்சின்கி பல்கலைக்கழகத்துல மைக்கேல் லாக்கசுவோ குழு பண்ணுன ஆராய்ச்சி, 2023ல வந்தது, மண்டைக்குள்ளயே ஓடீட்டு இருக்குதுங்க. மருந்து வேண்டாம்ங்கற நோயாளி, கட்டாயப்படுத்தியாவது குடுன்னு மேலிருந்து ஆர்டர், நர்ஸ் என்ன பண்ணோணும்? இதையே ஒருக்கா மனுச நர்ஸ், ஒருக்கா ரோபோ நர்ஸ்னு மாத்தி மாத்தி கதையா குடுத்து ஜனங்கள கேட்டிருக்காங்க. வலுக்கட்டாயமா குடுத்தா மனுசங்கள ஓரளவு ஏத்துக்கறாங்க, ரோபோவ அந்தளவுக்கு ஏத்துக்கல. நோயாளி பேச்ச மதிச்சு விட்டுட்டா ரெண்டுக்கும் பெருசா வித்தியாசமே இல்ல.

கோபி பக்கம் எங்க அமுச்சிய (அம்மாவப் பெத்தவங்க) பாத்துக்கற நர்ஸ் புள்ள “இப்ப முழுங்கறீங்களா, டாக்டருகிட்ட சொல்லிப்போடட்டுமா”ன்னு அதட்டித்தான் பிரஷர் மாத்திரைய உள்ள தள்ளும், நாங்களும் பாசக்கார புள்ளைனு மெச்சிக்குவோம், அதையே ஒரு மிசினு பண்ணுனா ஊரே கூடி சண்டைக்கு போயிருப்போம். முழுங்கற வாய்க்கு ரெண்டும் ஒண்ணுதானுங்களே!

எனக்கென்னமோ, தப்பாப் போனா நிக்கவச்சு கேக்க ஒரு ஆளு வேணும்ங்கறதுதான் காரணம்னு தோணுது. ரோபோவ யாரு திட்டறது, செஞ்சவனையா, வாங்கி வச்ச ஆஸ்பத்திரியையா? (கோயமுத்தூர்ல ஆபரேசன் பண்ற ரோபோ வேற சமாச்சாரம், அத டாக்டர்தான் உக்காந்து ஓட்டறாரு, அதுவா எதையும் முடிவு பண்றதில்ல.)

ரோபோ வந்து திணிச்சா என்ன பண்ணுவீங்கன்னு அமுச்சிகிட்ட கேட்டேன். “பிளக்க புடுங்கிப்போடுவேன் சாமி, இந்தப் புள்ளைய என்ன பண்றது?”ங்கறாங்க.