மூணு கட்டம் முன்னாடி நிற்காதே

அம்மாவிடம் ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை இருக்கிறது. மூலைகள் தேய்ந்து, மூன்று புள்ளி உள்ள பக்கத்தைத் தடவிப் பார்த்துத்தான் எண்ண வேண்டும் என்கிற நிலையில் இருக்கும் கட்டைகள். மே மாத லீவுக்கு அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் ஊருக்கு வந்திருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய், போனிலும் சார்ஜ் தீர்ந்து, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளத் தொடங்கியதும் அம்மா பரணிலிருந்து அந்தக் கட்டைகளை எடுத்துவந்து திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டாள்.

ஆடாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு நீளப் பக்கம், அதில் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள். இரண்டையும் உள்ளங்கையில் உருட்டிப் போட்டு, விழுந்ததைக் கூட்டி, அத்தனை கட்டம் காயை நகர்த்த வேண்டும். எதிராளியின் காய் நிற்கிற கட்டத்திலேயே நம் காய் போய் விழுந்தால் அதை வெட்டிவிடலாம். ஒன்று விழுந்தால் தாயம், அது விழுந்தால்தான் காயை இறக்க முடியும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம், அஞ்சு, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி போடலாம். இது எங்கள் வீட்டு விதி, ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், சண்டைக்கு வராதீர்கள்.

மூத்தவள் ஒரு காயை நகர்த்தப் போனபோது அம்மா கையைத் தட்டிவிட்டாள். "என் காய்க்கு மூணு கட்டம் முன்னாடி வந்து நிக்காதடி, வெட்டிப்புடுவேன்." ஏன் அப்பத்தா மூணு என்று இவள் கேட்டதற்கு, "மூணுதான் அடிக்கடி விழும், போட்டுப் பாரு" என்று மட்டும் பதில். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான்.

நான் ட்யூஷன் எடுப்பவள், வாயைத் திறந்து விளக்கிவிட நாக்கு துடித்தது. எப்படியோ அடக்கிக்கொண்டேன். மூத்தவள் அவளாகவே கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்தாள். முதலில் 1, 2, 3, 4, 5, 6, 12 என்று ஏழு எண் எழுதி, "ஏழுதான் இருக்கு, எல்லாமே ஏழுல ஒண்ணு" என்றாள். தம்பி உடனே மறுத்தான், மூணு ரெண்டு விதமா வருமே, வெறுமையும் மூணும், ஒண்ணும் ரெண்டும். சரி என்று ஜோடிகளாக எழுதினார்கள். பத்து ஜோடி வந்தது. அதில் 2, 3, 4 மூன்றுக்குமே ஆளுக்கு இரண்டு ஜோடி. அப்படியென்றால் மூணுக்கு என்ன தனிச்சிறப்பு? "அப்பத்தா சும்மா சொல்லுது" என்று தீர்ப்பும் வந்துவிட்டது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் விழுகிற குழி இது. நிகழ்தகவுப் பாடத்தில் "சமவாய்ப்பு" என்ற வார்த்தையை வரையறையோடு எழுதிவிடுவார்கள், ஆனால் ஒன்றும் இரண்டும் விழுவதும் இரண்டும் ஒன்றும் விழுவதும் தனித்தனி என்பதை எத்தனை முறை சொன்னாலும் உள்ளுக்குள் நம்புவதில்லை. ரெண்டும் ஒண்ணுதானே மிஸ், கூட்டினா மூணுதானே என்பார்கள். நியாயமான சந்தேகம்தான். பிரெஞ்சுக் கணித அறிஞர் டாலம்பேர் 1754இல் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றில், நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு 2/3 என்று எழுதினார். சரியான விடை 3/4. முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடும், ஆகவே மொத்தம் மூன்று விளைவுகள், மூன்றும் சமம் என்று எடுத்துக்கொண்டார். அவருக்கே அப்படி என்றால் ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது.

நான் செய்தது ஒன்றுதான். என் நெயில் பாலிஷை எடுத்து ஒரு கட்டையின் முனையில் சிவப்புப் பொட்டு வைத்தேன். (பித்தளையில் என்னத்தடி பூசுற என்று அம்மா கத்தியது தனிக்கதை.) சிவப்புக் கட்டை, சாதாக் கட்டை என்று பிரித்துப் பார்த்ததும் நோட்டில் நாலுக்கு நாலு கட்டம் வந்தது, பதினாறு விளைவுகள். பன்னிரண்டுக்கு 1, தாயத்துக்கு 2, இரண்டுக்கு 3, மூன்றுக்கு 4, நாலுக்கு 3, அஞ்சுக்கு 2, ஆறுக்கு 1. மலை மாதிரி ஏறி இறங்குகிறது. அப்பத்தாவின் மூணு உச்சியில் உட்கார்ந்திருக்கிறது.

தம்பி இன்னும் நம்பவில்லை. பத்து ஜோடிக் கணக்கு சரியென்றால் தாயமும் பன்னிரண்டும் சமமாக விழ வேண்டும், பதினாறு சரியென்றால் தாயம் இரண்டு மடங்கு விழ வேண்டும், போட்டுப் பார்த்துவிடுவோம் என்று அவனே சொன்னான். அந்த யோசனைக்காகவே அவனுக்கு ஐஸ் வாங்கித் தந்தேன். திண்ணைத் தூணில் சாக்பீஸால் கோடு கோடாகப் போட்டார்கள், சாயங்காலம் பார்த்தபோது தாயத்தின் வரிசை பன்னிரண்டின் வரிசையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே போயிருந்தது.

இதே பிள்ளைகளுக்குப் போன வருடம் நான் பிரபலமான ஒரு கம்பெனியின் "கணித விளையாட்டுப் பெட்டி" வாங்கித் தந்திருந்தேன், விலையைச் சொன்னால் அம்மா அடிப்பாள். அட்டையை எடுத்து அதிலுள்ள பெருக்கலுக்கு விடை சொன்னால் காய் இரண்டு கட்டம் நகரும். ஒரே நாளில் இளையவன் கண்டுபிடித்துவிட்டான், "அத்தை, இது டெஸ்ட்டு." வாழைப்பழத்துக்குள் மாத்திரையை ஒளித்து வைத்தால் பிள்ளைகள் பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பத்தான் செய்யும். அந்தப் பெட்டியில் பெருக்கலை எடுத்துவிட்டு ஊர்ப்பெயர் கேட்டாலும் ஆட்டம் அப்படியேதான் இருக்கும். தாயத்தில் அப்படி முடியாது. காயை எங்கே நிறுத்துவது என்று யோசித்தாலே கணக்கு வந்துவிடுகிறது.

புளியங்கொட்டை ஆட்டமும் இந்த வகைதான். 21 கொட்டை, ஆளுக்கு ஒரு முறை ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்கலாம், கடைசிக் கொட்டையை எடுப்பவர் வெற்றி. முதல் ஆளாக ஒன்றை எடுத்துவிட்டு, அதன்பிறகு எதிராளி எடுப்பதோடு சேர்த்து நாலு வருகிற மாதிரி எடுத்துக்கொண்டே போனால் தோற்கவே மாட்டீர்கள். நான் மூன்று நாள் இளையவனை இப்படித் தோற்கடித்தேன். மூன்றாம் நாள் முனகினான், "நாலு மிச்சம் இருக்கும்போது என் ஆட்டம் வந்தா நான் செத்தேன்." மறுநாள் எட்டு வந்தாலும் செத்தேன் என்றான். பன்னிரண்டு என்று சொல்லும்போது அவன் முகம் இருந்த இருப்பைப் படம் பிடித்திருக்கலாம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு இதே ரகசியத்தை ஒருமுறை அவசரப்பட்டு நானே சொல்லிக்கொடுத்தேன், அவன் அன்றோடு கொட்டையைத் தொடவில்லை. இளையவன் ஜெயிக்கத் தொடங்கியதும் விதியை மாற்றினேன், கடைசிக் கொட்டையை எடுப்பவர் தோல்வி. ஏமாத்துறீங்க அத்தை என்று கோபம். அப்புறம் ராத்திரி படுக்கையில் இருந்தபடியே, "21ல இனிமே முதல்ல ஆடுறவங்கதான் தோப்பாங்க, இல்ல?" என்று கேட்டான். ஆமாம்.

கழித்தல் பயிற்சிக்கு ஒரு விளையாட்டு சொல்லச் சொன்னால் நான் எப்போதும் 6174ஐத்தான் சொல்வேன். நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர் 1949இல் வெளியிட்டது. எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத நான்கிலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையைக் கழிக்க வேண்டும். வந்த விடையை மறுபடி அப்படியே செய்ய வேண்டும். ஏழு முறைக்குள் 6174 வந்து நின்றுவிடும். பிள்ளைகள் பிறந்த வருடத்தை எடுத்துக்கொண்டார்கள். 2013க்கு 3087, 8352, 6174, அக்காவுக்கு மூன்றே கழித்தலில் முடிந்தது. தம்பியின் 2014 ஏழு படியும் ஏறித்தான் வந்து சேர்ந்தது. அதுவும் முதல் தடவை ஒன்பது படி ஆனது, நடுவில் கடன் வாங்குவதில் பிழை. தப்பாகக் கழித்தாலும் கடைசியில் 6174 வந்துவிடுவது இந்த ஆட்டத்தின் சின்னக் குறை. ஆனால் விடைகளின் இலக்கங்களைக் கூட்டினால் எப்போதும் 18 அல்லது 27 என்றே வருகிறது என்பதை அக்கா கவனித்துவிட்டாள், அதை வைத்துத் தம்பி தப்புவிட்ட வரியையும் பிடித்துவிட்டாள். வீட்டுப்பாடமாக ஒன்பது கழித்தல் கொடுத்திருந்தால் வயிற்றுவலி வந்திருக்கும்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மூத்தவள் நோட்டோடு வந்தாள். "அத்தை, மூணுக்குப் பதினாறுல நாலுன்னு சொன்னது தப்பு. தாயம், அஞ்சு, ஆறு, பன்னிரண்டு விழுந்தா மறுபடி போடலாம்ல? அதை வேற காய்க்கு வச்சுக்கலாம். அப்ப ஆட்டம் எப்பவும் ரெண்டு, மூணு, நாலு இதுல ஒண்ணுலதான் முடியும்." நான் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து ஆடுகிறேன், இது தோன்றியதே இல்லை. அந்த மூன்று எண்களுக்கும் சேர்த்து 3, 4, 3 என்று பத்து வழி, அதில் மூணுக்கு நாலு. கால்வாசி என்று நினைத்தது 40 சதவீதமாகிவிட்டது. தாயமும் இரண்டும் சேர்ந்து ஒரே காயை மூணு நகர்த்துவதையும் கணக்கில் எடுத்தால் இன்னும் கூடும்.

அம்மாவிடம் சொன்னோம். "அதான் சொன்னேன்ல" என்று வெற்றிலையை மடித்தாள்.

அன்று சாயங்காலம் கடைசி ஆட்டம். இளையவன் வேண்டுமென்றே அவள் காய்க்குச் சரியாக மூன்று கட்டம் முன்னால் போய் நின்றான். அம்மா கட்டையை உருட்டிப் போட்டாள். நாலு.