நீரோவின் பொன்மாளிகையில் மீண்டும் வெயில்

ரோம் நகரில் கொலோசியத்துக்கு எதிரே உள்ள ஓப்பியன் குன்றின் பூங்காவில் உலாவும் பலருக்கும், தங்கள் காலடியில் ஓர் அரண்மனை புதைந்து கிடப்பது தெரிவதில்லை. கி.பி. 64இல் நகரைத் தீ அழித்த பிறகு பேரரசர் நீரோ கட்டத் தொடங்கிய 'தோமுஸ் அவுரேயா' என்னும் பொன்மாளிகை அது. 68இல் அவர் இறந்தபின் வந்தவர்கள் அவருடைய அடையாளத்தைத் துடைப்பதில் முனைப்பாக இருந்தார்கள். மாளிகையின் செயற்கை ஏரி இருந்த இடத்தில்தான் கொலோசியம் எழுந்தது. குன்றின்மேல் இருந்த கூடங்களின் பளிங்கை உரித்தெடுத்து, உள்ளே மண்ணை நிரப்பி, அவற்றையே அடித்தளமாக்கித் தன் பெரிய குளியல் மாளிகையைப் பின்னால் வந்த பேரரசர் டிராஜன் கட்டினார்.

உள்ளே வழிகாட்டியுடன், குழுவாகத்தான் போக முடியும். பாதுகாப்புப் பணிகள் நடந்துவரும் இடம் என்பதால் எல்லோரும் தலைக்கவசம் அணிய வேண்டும். 2010இல் மேலே இருந்த டிராஜன் காலக் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்திருக்கிறது; பூங்காவின் மரவேர்களும் மழைநீரும் பழைய கூரைகளை இன்றும் வருத்துகின்றன. வெளியே கோடை கொளுத்தினாலும் உள்ளே நல்ல குளிர் என்பதால் கனமான மேலாடை ஒன்று கட்டாயம் தேவை.

நீண்ட நடைக்கூடம் ஒன்றில், தலைக்கு மிக உயரே, ஓவியக் கொடிகளுக்கும் மெலிந்த பறவைகளுக்கும் நடுவே மனிதர்கள் கிறுக்கிய பெயர்களைக் காணலாம். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த இடம் தற்செயலாகக் கண்டறியப்பட்டபோது கூடங்கள் ஏறக்குறையக் கூரைவரை மண்ணால் நிறைந்திருந்தன. மேலே துளையிட்டு இறங்கிய ஓவியர்கள் அந்த மண்ணின்மீது தவழ்ந்து, விளக்கொளியில் கைக்கெட்டும் தொலைவில் கூரையைப் பார்த்து வரைந்துகொண்டார்கள். புகழ்பெற்ற ஓவியர் ரஃபேலும் அவருடைய பட்டறையைச் சேர்ந்தவர்களும் வத்திக்கானில் தீட்டிய அலங்காரங்களுக்கு இந்தக் கொடிகளும் பறவைகளுமே முன்மாதிரி. மண் அகற்றப்பட்டுவிட்டதால், அன்று அவர்கள் கைக்கு எட்டிய கூரையை நாம் இன்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறோம்.

பொற்கூரைக் கூடம் என்று அழைக்கப்படும் அறையை அடைந்ததும், இருக்கைகளில் அமரச் சொல்லி, அறையின் பழைய தோற்றத்தைக் கணினிக் காட்சியாகக் கண்முன் விரிக்கும் விஆர் (மெய்நிகர்) கண்ணாடியைத் தருகிறார்கள். 2017 முதல் இங்கே இந்த ஏற்பாடு உள்ளது. செங்கல் சுவர்களில் பளிங்கு ஏறுகிறது. கூரையின் சுதை வேலைப்பாடுகளில் பொன் படர்கிறது. என்னை உலுக்கியது அந்தப் பொன் அன்று, வெயில்தான். இந்த மாளிகையின் முகப்பு தெற்கு நோக்கியது. அதன் கூடங்கள் தூண் வரிசையையும் தோட்டத்தையும் பார்த்துத் திறந்திருந்தன. டிராஜனின் அடித்தளச் சுவர்கள் முன்னால் எழுந்து அந்தத் திறப்பை அடைத்ததால்தான் நாம் நடந்துவந்த இருட்டு உண்டானது. வழிகாட்டி இதை முன்பே சொல்லியிருந்தும், சுவர் விலகிப் பகல் உள்ளே பாயும்வரை நான் மனத்தளவில் ஒரு குகைக்குள்தான் இருந்தேன். நிலவறையாகப் பிறந்த இடமல்ல இது என்பதைச் சொற்களால் உணர்த்துவது கடினம்.

அங்கே எழுந்து நடக்கவோ எதையும் தொடவோ முடியாது. தலையைத் திருப்பிப் பார்க்கலாம், அவ்வளவுதான். அதுவே போதும் என்பேன். அறையின் உயரத்தையும் குளிரையும் உடல் ஏற்கெனவே அறிந்திருப்பதால்தான் அந்தக் காட்சி நம்பும்படி இருக்கிறது. இதையே வீட்டில் அமர்ந்து பார்த்தால் பாதி வலிமைகூட மிஞ்சாது.

ஆனாலும் ஒரு குறை என் மனத்தில் தங்கிவிட்டது. கூரையின் வண்ணங்களுக்கு, அவை இவ்வளவு மங்குவதற்கு முன் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசிய ஓவியர் பிரான்சிஸ்கு டி ஒலாண்டா தீட்டிய நீர்வண்ணப் படம் சான்றாக இருக்கிறது. தோட்டத்தில் எந்த மரம் எங்கே நின்றது என்பதற்கு அத்தகைய சான்று கிடையாது. கண்ணாடிக்குள் இரண்டும் ஒரே உறுதியோடு ஒளிர்கின்றன. இத்தகைய கணினி மீட்டுருவாக்கங்களில் சான்றுள்ளது எது, ஊகம் எது என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்று 2009இல் செம்மைப்படுத்தப்பட்ட 'லண்டன் சாசனம்' வலியுறுத்துகிறது. ஊகமான பகுதிகளைச் சற்றே வெளிறிய நிறத்தில் காட்டினாலும் போதும். அந்த வெயிலின் வியப்பு அதனால் சிறிதும் குறைந்துவிடாது.