பாதரசம் போகும் வழி

அக்டோபர் 19, 2024

முதலாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "இரும்பே அதுல மிதக்குதே, அவ்வளவு கனமானது எப்படி சார் காத்துல போகும்?" அருமையான கேள்வி. பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். ஆவியானபின் அது தனித்தனி அணுக்கள்தான், எடை பெரிதல்ல. காற்றிலுள்ள பாதரசத்தில் 95 சதவீதத்துக்கு மேல் இந்த ஆவியே. தண்ணீரில் அவ்வளவாகக் கரையாததால் மழைக்கும் பிடிபடாது. பல மாதம் சுற்றும். தூத்துக்குடி அனல் மின் நிலைய நிலக்கரியிலிருந்து கிளம்பியது எந்தக் கண்டத்தில் இறங்குமோ!

அக்டோபர் 22

அப்புறம் எப்படித்தான் இறங்குகிறது? முக்கியமான ஆள் புரோமின். கடலிலிருந்து வரும் புரோமின் அணு பாதரச அணுவோடு ஒட்டுகிறது. அந்தப் பிடி பலவீனமானது, சூடு பட்டால் விட்டுவிடும். அதற்குள் ஓசோனோ நைட்ரஜன் டை ஆக்சைடோ வந்து சேர்ந்தால் நிலைக்கும். இரண்டு எலக்ட்ரான் இழந்த இந்தப் பாதரசம் நீரில் நன்றாகக் கரையும், தூசியிலும் ஒட்டும்.

கனடாவின் வடகோடியில் அலர்ட் என்ற இடத்தில், 1995 வசந்தத்தில் காற்றிலிருந்த பாதரச ஆவி திடீர் திடீரென்று காணாமல் போனது. கூடவே ஓசோனும் குறைந்தது. உறைந்த கடல் பக்கமிருந்து வந்த புரோமின்தான் காரணம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீரவில்லை.

அக்டோபர் 25

பேய் மழை. மதுரை செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். மழையில் வரும் பாதரசம் மிகமிகக் கொஞ்சம்தான், குடித்தவுடன் ஆபத்து என்று யாரும் பயப்பட வேண்டாம். என் கவலை கண்மாய்ச் சேற்றைப் பற்றியது. காற்றில்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற கொடிய நச்சாக மாற்றும். சிறு மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அளவு ஏறிக்கொண்டே போகும்.

நவம்பர் 2

கொடைக்கானல். 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பாதரசம் கலந்த மண்ணைத்தான் பேசுகிறோம். அங்கே பாசியிலும் மரப்பட்டையில் படரும் லைக்கனிலும் பாதரசம் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதாவது காற்று வழியாக வந்தது. இலைகளும் ஆவியை நேரடியாக உறிஞ்சும். உதிர்ந்தால் அது மண்ணுக்குப் போகும். வெயில் பட்டால் மண்ணிலிருந்து ஒரு பங்கு மறுபடி ஆவியாகிக் கிளம்பும். ஆகவே சுத்திகரிப்புக்கு மண்ணளவு மட்டும் போதாது, நண்பகல் வெயிலில் காற்றையும் அளக்க வேண்டும். திங்கட்கிழமை வகுப்பில் இதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.