ஒரு லிட்டர் தண்ணீர்க் குப்பி

அந்த அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். "எனக்க வீட்டுல அத எடுத்துக் குடிக்கதுக்கு யாரு மக்கா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். கையில் ஒரு லிட்டர் தண்ணீர்க் குப்பி, லேபிள்கூடக் கிழிக்காதது. நான் வேலை பார்க்கிற கடையில் வந்து, அதில் அரை லிட்டர் ஃபார்மிக் ஆசிட், அதாவது ரப்பர் பாலைத் திரைய வைக்கிற ஆசிட், ஊற்றித் தரச் சொல்கிறார். நான் மாட்டேன் என்கிறேன்.

ஆதார் நகல் கொண்டுவந்திருந்தார். 2013இல் உச்ச நீதிமன்றம் சில்லறை ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்ததிலிருந்து பெயர், முகவரி, எதற்கு வாங்குகிறார் என்று எல்லாம் எழுதித்தான் கொடுக்கிறோம். எங்கள் பதிவேட்டில் 'எதற்கு' என்ற இடத்தில் மேலிருந்து கீழ்வரை 'ரப்பர்' என்றுதான் இருக்கும். அந்த வகையில் அவரிடம் எந்தக் குறையும் இல்லை. குறை குப்பியில்தான்.

நாங்கள் விற்பது 85 சதவீத ஆசிட். நிறம் கிடையாது. கண்ணுக்குத் தண்ணீரேதான். மூடியைத் திறந்தால்தான் மூக்கில் குத்தும். ஆனால் தாகத்தோடு வருகிறவன் மோந்து பார்த்துவிட்டா குடிக்கிறான்? ரப்பர் வட்டாரத்து ஆஸ்பத்திரிகளில் இந்த ஆசிட் உள்ளே போனவர்களைக் கொண்டுவருவது புதிதல்ல. தொண்டையும் வயிறும் வெந்துபோவதோடு அது நிற்காது. ரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். குடித்துவிட்டார் என்று தெரிந்ததும் வீட்டில் உள்ளவர்கள் முதலில் செய்வது வாந்தி எடுக்க வைப்பது. அது கூடவே கூடாது. ஏறும்போது இன்னொரு தடவை தொண்டையைச் சுடும். இவ்வளவும் தெரிந்த ஒருவன் எப்படி அந்தக் குப்பியில் ஊற்றுவான்?

இப்படி நினைக்கும்போது நான் செய்தது சரி என்றுதான் படுகிறது. அப்புறம் அந்தக் கேள்வி வந்து நிற்கும். அவர் வீட்டில் குடிக்க யாருமில்லை. தனி ஆள். நான் பயந்தது அவர் வீட்டில் இல்லாத குழந்தைக்காக.

அதனால் பஸ்ஸைக் காரணமாகப் பிடித்துக்கொண்டேன். "பஸ்ஸுல கூட்டத்துல மூடி களண்டா என்ன செய்வீங்க அக்கா?" என்று கேட்டேன். "நான் மடியில வச்சிட்டுல்லா போவேன்" என்றார். பத்திரமாகக் கொண்டுபோவேன் என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். எனக்கு அதைக் கேட்டதும் உள்ளுக்குள் பதறிவிட்டது. துணியில் சிந்தினால் உடனே உணராமல் போகலாம். எரிச்சல் தெரிவதற்குள் தோல் வெந்திருக்கலாம். துணியைக் கழற்றி எறிந்துவிட்டுக் குறைந்தது 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். சோடா உப்போ எண்ணெயோ போடக் கூடாது. ஓடுகிற பஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு இதில் எது நடக்கும்?

அவர் விரல்களைப் பார்த்தேன். நுனியில் தோல் வெளுத்து, கோடு கோடாகப் பிளந்து, நகத்தின் ஓரம் பழுப்பேறி இருந்தது. வெறுங்கையால் ஆசிட் கலக்குகிற கை. இந்த ஆசிட்டை எனக்கு ஏட்டில் தெரியும், அவருக்குக் கையில் தெரியும். ஒரு கையுறை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆசிட்டே இல்லை என்று சொல்லிவிட்டுக் கையுறை விற்பதா என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அவரால் வாங்க முடிந்த மற்றொன்று 35 கிலோ கேன். இந்த ஆசிட் தண்ணீரைவிடக் கனம், லிட்டர் ஒன்றுக்கு 1.2 கிலோ வரும். 35 கிலோ என்றால் ஏறக்குறைய 29 லிட்டர். திரைந்த பாலை ரோலரில் அழுத்திக் காயவைத்து எடுக்கிற ரப்பர் ஷீட் ஒரு கிலோவுக்கு நாலு மில்லி ஆசிட் தாராளம். கொஞ்சம் மரங்களை வைத்துக்கொண்டு பால் வெட்டுகிற ஆளுக்கு அந்தக் கேன் எத்தனை வருசத்துக்கு? அத்தனை காலம் அதை எங்கே வைப்பார்? காற்றோட்டமில்லாத மூலையில்தான். அடர்ந்த ஃபார்மிக் ஆசிட் இருந்த இடத்திலேயே மெல்லச் சிதைந்து கார்பன் மோனாக்சைடு விடும், கேனுக்குள் அழுத்தம் ஏறும். பெரிய கேன் பாதுகாப்பு என்று நாங்கள் சொல்வது எங்கள் குடோனுக்குப் பொருந்தும், அவர் சமையல்புரைக்குப் பொருந்தாது.

அன்றைக்கு மழை விட்டு வெட்டு நடந்த நாள். இரண்டு பருவ மழையும் பெய்கிற நம் குமரி மாவட்டத்தில் வெட்டு நடக்கிற நாள் என்பதே பெரிய விசயம். எடுத்த பால் ஆசிட்டுக்காகக் காத்திருக்காது, தானாகத் திரைந்துவிடும். பிறகு அது ஷீட் விலைக்குப் போகாது, மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலோடு சேர்த்து எடைபோட்டு விடுவார்கள். இது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். தெரிந்தேதான் திருப்பி அனுப்பினேன்.

கூட வேலை பார்க்கிற அண்ணன் பிறகு சொன்னார்: "நீ ஊத்தலண்ணா வேற கடையில ஊத்துவான். அதுவும் சல்ஃபியூரிக்க ஊத்துவான்." அதுதான் என்னைத் தூங்கவிடாதது. சல்ஃபியூரிக் விலை குறைவு. ஆனால் ஷீட்டில் தங்கி ரப்பரைக் கெடுக்கும், ரோலரை அரிக்கும். அடர்ந்த சல்ஃபியூரிக்கில் தெரியாமல் தண்ணீரை ஊற்றினால் சூடேறிக் கொதித்து முகத்தில் தெறிக்கும். எந்த ஆசிட்டானாலும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், அதன்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஃபார்மிக்கில் இந்தப் பிழை நடந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கலாம். சல்ஃபியூரிக்கில் கண் போய்விடும். தண்ணீர்க் குப்பியை மறுத்ததால் அந்த அக்காவை இன்னும் மோசமான ஒன்றின் பக்கம் தள்ளிவிட்டேனா? அப்படியானால் ஊற்றிக் கொடுப்பதுதான் பாதுகாப்பு என்றாகிவிடும். அதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எல்லாக் கடையும் மறுத்தால்தான் மறுப்புக்கு அர்த்தம் என்றால், யாராவது முதலில் மறுக்கத்தானே வேண்டும்?

அதற்குப் பிறகு முதலாளியிடம் பேசி, தடித்த பிளாஸ்டிக்கில் அரை லிட்டர் குப்பிகள் வரவழைத்தோம். மண்டையோட்டுப் படம் ஒட்டி, 'விஷம், குடிக்காதே' என்று தமிழில் எழுதியது. காலிக் குப்பியைக் கொண்டுவந்தால் அடுத்த தடவை குப்பிக்குத் தனிக் காசு வாங்குவதில்லை. நன்றாகவே போகிறது. இதுதான் தீர்வு என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன்.

அப்படி வாங்கிப்போன ஒருவரிடம் எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஒரு லிட்டர் தண்ணிக்கு ரெண்டு மூடி" என்றார். எந்த மூடி? தண்ணீர்க் குப்பி மூடி. வீட்டுக்குப் போனதும் எங்கள் குப்பியிலிருந்து பழைய தண்ணீர்க் குப்பிக்கு மாற்றிக்கொள்கிறார், கைப்பழக்கமான அளவு அந்த மூடியில் இருப்பதால். அளவும் ஏறத்தாழச் சரியாகத்தான் வருகிறது. இருமல் மருந்தோடு வருகிற அளவுக் கிண்ணத்தைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அதுவும் வாயில் வைக்கிற பொருள்தான் என்று உறைத்ததும் விட்டுவிட்டேன்.

மூடியிலேயே 5 மில்லி, 10 மில்லி கோடு போட்ட குப்பி எங்காவது கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். விலை கூடத்தான் செய்யும். "யாருடே வாங்குவா?" என்கிறார் முதலாளி. வாங்குவார்கள் என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.