வண்ணம் எப்போது ஏறியது?

சங்கு, சிப்பிகளின் பழைய செப்புத்தகட்டு அச்சுகளை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, அச்சு அசல்தானா என்று. அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் எளிது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். இன்றைய ஆஃப்செட் நகலில் நிறம் புள்ளி புள்ளியாகப் பிரிந்துவிடும். அசலில் கோடு தனி, அதன்மேல் தூரிகை தடவிய வண்ணம் தனி. அந்த வண்ணம், தாள் இடம்பெற்ற நூல் வெளிவந்தபோதே தீட்டியதா, பிற்காலத்தில் விற்பனைக்காகத் தீட்டியதா என்பதுதான் கடினமான கேள்வி. விலை வித்தியாசமும் இங்கேதான்.

பாதி விடை எந்த நூலின் தாள் என்பதிலேயே இருக்கிறது. கியோர்க் வோல்ஃப்காங் க்னோர் நியூரம்பெர்க்கில் 1757-ல் தொடங்கிய சிப்பி நூல், 1761-ல் அவர் இறந்த பிறகும் தொடர்ந்து 1772-ல் ஆறு பகுதிகளாக முடிந்தது. அதன் 190 தகடுகளும் கையால் வண்ணம் தீட்டப்பட்டவை. ஆங்கில இயற்கையியலாளர் மார்ட்டின் லிஸ்டரின் சிப்பி நூலுக்காக அவர் மகள்கள் சுசன்னாவும் அன்னாவும் 1685 முதல் வரைந்து செதுக்கியவையோ பொதுவாகக் கறுப்பு மையோடு மட்டும் வந்தவை. எனவே வண்ணமயமான லிஸ்டர் தாள் ஒன்று கண்ணில் பட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிதானமாகப் பார்ப்பது நல்லது.

மீதி விடை தாளில். பழுப்புப் புள்ளி விழுந்த இடத்தில் லென்ஸை வைத்துப் பாருங்கள். வண்ணம் பழையது என்றால் கறை வண்ணத்தின் ஊடாகவே பரவியிருக்கும். கறைக்குப் பிறகு தீட்டியது என்றால், அந்த இடத்தில் தாளின் ஜெலட்டின் பூச்சு ஏற்கெனவே கெட்டுப்போயிருப்பதால், வண்ணம் உள்ளே இறங்கித் திட்டாக அடர்ந்து நிற்கும். அடுத்து தாளைத் திருப்புங்கள். செம்புப் பச்சை தடவிய பகுதிக்கு நேர் பின்னால் பழுப்பு நிழல் தெரிந்தால் நல்ல அடையாளம். அது வர நெடுங்காலம் ஆகும். ஈய வெள்ளை சாம்பலாகக் கறுத்திருப்பதும் அப்படியே. ஆழ்ந்த நிழல்களில் மட்டும் லேசான மினுமினுப்பு இருந்தால் அது வேலம்பிசின் பூச்சு, அந்தக்கால வண்ணப் பட்டறைக்காரர்களின் வழக்கம். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடிக்கும்போது தாள் நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் தாளே 1950-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ செய்தது; மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை.

ஒரே தகட்டின் இரண்டு பிரதிகள் நிறத்தில் வேறுபட்டால் பயப்பட வேண்டாம். மாதிரித் தாளைப் பார்த்துப் பல கைகள் தீட்டியவை அவை. அந்த வேறுபாட்டுக்காகவே ஒரே தகட்டை இரண்டு முறை வாங்கலாம் என்பேன்.

படத்தைச் சுற்றிலும் செப்புத்தகடு தாளில் அழுந்திய தடம் இல்லாத எல்லாம் போலி அல்ல. லவெல் ரீவின் 1843–78 சிப்பி நூல் தொகுதிகள் கல்லச்சு (தட்டையான கல்லிலிருந்து எடுத்த அச்சு), அவற்றில் தடமே வராது. செப்புத்தகட்டு அச்சில் ஓரத்தைத் தடத்துக்கும் உள்ளே வெட்டியிருந்தால் தகட்டு எண்ணும் செதுக்கியவர் பெயரும் போயிருக்கலாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

தமிழ் வாசகரின் கண் சட்டென்று பிடிக்கக்கூடிய ஒன்று, சுருளின் திசை. நுனியை மேலே வைத்து வாயை நம் பக்கம் திருப்பினால், சாதாரணச் சங்கின் வாய் வலப்பக்கம் இருக்கும், வலம்புரியின் வாய் இடப்பக்கம். பழைய அச்சில் வாய் இடப்பக்கம் இருப்பதாலேயே வலம்புரி என்று எண்ணிவிடக் கூடாது. தகட்டில் நேராகச் செதுக்கியது தாளில் இடவலம் மாறி விழும். 1650-ல் ரெம்பிராண்ட் அச்சிட்ட கூம்புச் சிப்பியும் இப்படித் திரும்பியதுதான். அதே சமயம், சிப்பி ஆய்வாளர் கெம்னிட்ஸ் 1786-ல் வெளியிட்ட, சிப்பி நூல் வரிசை ஒன்றின் ஒன்பதாம் தொகுதியின் முதல் பகுதி எதிர்த்திசையில் சுருண்டவற்றுக்கென்றே வந்தது. நூலைத் தெரிந்துகொள்ளாமல் திசையைப் பற்றி முடிவு கட்ட முடியாது.

வாங்கிய பிறகு தண்ணீர் படவே கூடாது. பிசின் கரையும், வண்ணம் ஓடும். லேமினேஷனும் செல்லோடேப்பும் தாளைத் தீர்த்துக்கட்டிவிடும். அமிலமில்லாத மவுண்ட் அட்டையில், மேல் விளிம்பில் மட்டும், இரண்டு ஜப்பானியத் தாள் கீல்களைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டித் தொங்கவிடுங்கள். நான்கு பக்கமும் ஒட்டினால், ஈரப்பதம் ஏறி இறங்கும்போது தாள் நெளியும், கிழியவும் கிழியும். ஃப்ரேம் கண்ணாடி அச்சைத் தொடாதபடி இடைவெளி விடுங்கள். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் வெளிச்சுவரில் மாட்டினால் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் வரும், உள்சுவர்தான் சரி. நூல், பகுதி, தகட்டு எண் மூன்றையும் பென்சிலால் மவுண்டின் பின்புறம் எழுதுங்கள், அச்சின் பின்புறம் அல்ல.