எந்த ஊரு?

ஜூலை 3, 2024, புதன்

முதலாமாண்டுக்கு இன்று கல்லூரி திறந்தது. முதல் வாரம் பாடம் கிடையாது, அறிமுகப் பயிற்சி. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019இல் ‘தீக்ஷாரம்ப்’ என்று ஒரு வழிகாட்டி போட்டதிலிருந்து எல்லாக் கல்லூரியிலும் இது உண்டு. ‘நான் யார், அறம், சமூகப் பொறுப்பு’ என்ற வகுப்புகள் என் தலையில். துறையில் இளையவள் யாரோ அவள் தலையில்தான் இதெல்லாம் விடியும்.

வரலாறு, தமிழ்வழி, 58 பேர். பாதிக்கு மேல் வீட்டின் முதல் பட்டதாரிகள். ஒவ்வொருவராக எழுந்து பேர், ஊர், அப்பா என்ன வேலை என்று சொல்லச் சொன்னேன். கூச்சம் போகட்டுமே என்றுதான்.

கடைசிக்கு முந்தின பெஞ்சுப் பையன், “திருநெல்வேலி” என்றான்.

“திருநெல்வேலில எங்க?”

“பக்கத்துல மேம்.”

“பக்கத்துலன்னா?”

ஓர் ஊர்ப் பேரை வாய்க்குள்ளேயே சொன்னான். முன்பெஞ்சில் இரண்டு தலைகள் திரும்பின. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஜூலை 4, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பையன் துறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“மேம், இனிமே கிளாஸ்ல ஊரு கேக்காதீங்க.”

அவ்வளவுதான். போய்விட்டான். டப்பாவைத் திறந்தவள் அப்படியே மூடி வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் ‘எந்த ஊரு?’ முதல் கேள்வி. ‘ஊர்ல எந்தத் தெரு?’ இரண்டாவது. ‘யாரு வீடு?’ மூன்றாவது. மூன்றாவதுக்குப் போகுமுன்பே கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். சாதி என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க வேண்டியதே இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மாக்கள் என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். “பாளையங்கோட்டை” என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். டவுன் பேரைச் சொன்னால் பிடி கிடைக்காது. இப்படித் தப்பித்துப் பழகினவள்தான் 58 பேரை எழுப்பி நிறுத்திக் கேட்டிருக்கிறேன். போதாததற்கு அப்பா வேலை வேறு.

போன வருஷம் ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ பையனை வீடு புகுந்து வெட்டியது அவனோடு பள்ளியில் படித்த பையன்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதையொட்டி அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு போன மாதம்தான் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டுகிற கலர் கயிறு கையில் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரிகிற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது, ஆசிரியர் நேராகவோ சுற்றி வளைத்தோ சாதியைக் குறித்துப் பேசக் கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரை. செய்தியில் வாசித்தபோது ‘சரியாத்தான் சொல்லியிருக்காங்க’ என்று தலையாட்டினேன். சுற்றி வளைத்துக் கேட்கிற ஆள் நான்தான் என்று அப்போது தோன்றவில்லை.

ஜூலை 5, வெள்ளி

‘நான் யார்’ என்று கரும்பலகையில் எழுதியதை அழித்துவிட்டுக் காசைப் பற்றி ஆரம்பித்தேன். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் வருகிற ஆயிரம் ரூபாய். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கு 2022லிருந்து கொடுக்கிறார்கள். பையன்களுக்கும் அடுத்த மாதத்திலிருந்து வரும் என்கிறார்கள். அந்த ஆயிரம் யாருடையது? இதுதான் கேள்வி.

“எங்க அக்காவுக்கு வருது மேம். ஏடிஎம் கார்டு அப்பாட்ட இருக்கு.”

“வீட்டுச் செலவுக்குத்தான, அதுல என்ன தப்பு?” இது ஒரு பையன்.

“குடிக்கப் போனா?”

சத்தம் கூடிப்போய்ப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கார்டைக் கேட்டு வாங்க வேண்டியதுதானே என்று பலரும் சொன்னதும் அந்தப் பெண் மறுபடி எழுந்தாள். “கார்டக் கேட்டா காலேஜ நிறுத்திருவாவ.” அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை. நானும்தான். பெல் அடித்தது நல்லதாய்ப் போயிற்று.

ஜூலை 8, திங்கள்

நோட்டு வாங்கக் கையை நீட்டினான் ஒரு பையன். மணிக்கட்டில் வெயில் படாத தோல், வெளுத்து ஒரு வளையமாக. என்றைக்குக் கழற்றினான், யார் சொல்லிக் கழற்றினான், கேட்கவில்லை.

ஜூலை 10, புதன்

என்எஸ்எஸ், அதாவது நாட்டு நலப்பணித் திட்டப் படிவம் கொடுத்தோம். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் கிராம முகாம். 1969இல் காந்தி நூற்றாண்டின்போது தொடங்கிய அமைப்பு, அதில் வாரியல் (துடைப்பம்) இல்லாமல் இருக்குமா? நாளைக்கே வராண்டாவில் தொடங்கிவிடலாம் என்று வேலைப் பட்டியல் போட்டேன். எல்லாரும் எல்லா வேலையும் செய்தால் சமத்துவம் தானே வரும் என்று எனக்குள் ஒரு கணக்கு.

ஊர் கேட்காதீர்கள் என்றவன் இந்த முறை வகுப்பிலேயே எழுந்தான்.

“எல்லா வேலையும் செய்வேன் மேம். வாரியல் மட்டும் எடுக்கமாட்டேன்.”

“அதெப்படி, அவனுக்கு மட்டும்?” என்று பின்னால் ஒரு குரல்.

“எங்க அம்மா முனிசிபாலிட்டில அதத்தான் செய்யுதாவ. நீ எடுக்கதுக்கும் நான் எடுக்கதுக்கும் வித்தியாசம் இருக்குல்லா?”

கேட்டவன் பதில் சொல்லவில்லை. நடு பெஞ்சுப் பெண் ஒருத்தி மெதுவாக, “வீட்ல வாரியலத் தொடாதவங்க பேர மட்டும் எழுதிக் குலுக்குவோம் மேம்” என்றாள். அப்படிப் பார்த்தால் பையன்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். அங்கே ஒரு சிரிப்பு. என் பேரையும் எழுதச் சொன்னார்கள். வீட்டில் நான்தான் கூட்டுகிறேன் என்றால் யார் கேட்கிறார்கள்?

ஜூலை 11, வியாழன்

சீட்டில் வந்த ஐந்து பேரில் நானும் ஒருத்தி. காலை எட்டரைக்குப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூட்டினேன். பையன்கள் நாலு பேரும் குப்பையைக் காற்றில்தான் பறக்கவிட்டார்கள். அவன் தண்ணீர் வாளியோடு தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“மேம், காத்துக்கு எதிர கூட்டுதீங்க. அந்த முனைலேர்ந்து வாங்க.”

அந்த முனைக்குப் போனேன்.