முதலில் மற்றவருடைய கட்சி

எங்கள் அளவையியல் (தர்க்கவியல்) ஆசிரியர் காலமான செய்தி இலண்டனுக்கு எட்டிய அன்று, அவரிடம் உயர்தர வகுப்பில் படித்த பலரும் தொலைபேசியில் நினைவுகூர்ந்தது ஒரே வாசகத்தைத்தான்: "முதலில் மற்றவருடைய கட்சியைச் சொல்லும், தம்பி." கட்சி என்று அவர் சொன்னது வாதத் தரப்பை.

மழை பெய்தால் நிலம் நனையும்; நிலம் நனைந்திருக்கிறது; ஆகவே மழை பெய்திருக்கிறது. இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "வாழைக்கு இறைத்திருந்தால்?" என்று கேட்டு, வெண்கட்டியைக் கீழே வைத்துவிடுவார். கூற்றுகள் மெய்யாக இருந்தாலும் முடிபு அவற்றிலிருந்து பெறப்படாமற் போகலாம் என்பது அன்று எங்களுக்கு விளங்கியது. பரீட்சைக்கு அது போதும், அவருக்குப் போதவில்லை.

பாடத்திட்டத்துக்கு வெளியே சென்று, 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் என்னும் சைவ சித்தாந்த நூலின் பரபக்கத்தை எடுத்துவருவார். உலகாயதர், பௌத்தர், சமணர், மாயாவாதி என்று ஒவ்வொருவருடைய மதத்தையும் முதலில் எடுத்துக் கூறி, அதன் பின்னரே மறுக்கும் பகுதி அது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றும் சேரச் சிவப்புப் பிறப்பதுபோலப் பூதங்கள் கூடும்போது அறிவு பிறக்கிறது, உயிரென்று தனியே ஒன்றில்லை என்னும் உலகாயதர் வாதத்தை, நெற்றியில் திருநீற்றோடு நின்று அவர் விளக்குகையில், மறுப்பை மறந்து நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம். பிறகு இருவரை எழுப்பி வாதிடச் செய்வார். எதிரே நிற்பவர் "ஓம், நான் சொல்வது அதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்வரை மறுத்துப் பேச எவருக்கும் அனுமதி இல்லை.

மெய்யியலின், அதாவது தத்துவத்தின், பயன் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் இந்த ஒரு பயிற்சியையே காட்டுவேன். அது விடைகளைக் கையில் தருவதில்லை. நாம் மறுப்பது உண்மையில் எதனை என்று அறியச் செய்கிறது. பின்னர் இலங்கையில், எங்கள் மண்ணில், எதிர்த்தரப்பின் நியாயத்தை எடுத்துச் சொல்வதே துரோகம் என்றாகிய ஆண்டுகளில், அந்த வகுப்பை நான் நினைக்காத நாளில்லை. அவரோ அங்கேயே இருந்து கற்பித்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான் மெய்யியல் படிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். 1984இல் நான் புறப்பட்டுவிட்டேன், அந்தத் துயர் இன்னும் ஆறவில்லை.

எங்கள் பழைய மாணவர் சங்கம் வழங்கும் புலமைப்பரிசில்கள் பெரும்பாலும் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மெய்யியற்றுறைக்குச் செல்லும் மாணவர் ஒருவருக்கும் அவர் பெயரால் ஆண்டுதோறும் ஒன்று வழங்குமாறு நிர்வாகக் குழுவை வேண்டுகிறேன். முதலாண்டுத் தொகையை நான் தருகிறேன்.